பிரிவு பதினான்கு நுழையாத இடம்

ஓவர்சியருக்குத் தன் வேலையில் மிகவும் பிடித்த நேரம் ஒன்று உண்டு. காலை பத்து மணி வாக்கில் யாராவது ஒருவருடைய வீட்டின் பின்கதவைத் தட்டாமலேயே திறந்து, நாலு ஆட்களோடு உள்ளே போய் நிற்பார். வீட்டுக்காரர் பல் துலக்கிய பிரஷ்ஷோடு ஓடி வந்து, "யாருய்யா நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று கத்துவார். அந்தக் கேள்விக்காகத்தான் ஓவர்சியர் காத்திருப்பார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுப்பார். கண்ணாடியை மூக்கில் ஏற்றுவார். "வெள்ளத் தடுப்புச் சட்டம், பிரிவு பதினாலு. எந்தத் தனியார் நிலத்துலயும் நுழையலாம், அளக்கலாம், தோண்டலாம், வெட்டலாம், தடையா இருக்கறத அகற்றலாம்" என்று ஒரே மூச்சில் சொல்வார். 'அகற்றலாம்' என்னும்போது மட்டும் வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்ப்பார், தேவைப்பட்டால் அவரையும் சேர்த்துத்தான் என்பதுபோல. கத்தியவரின் பிரஷ்ஷிலிருந்து நுரை சொட்டும்.

பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி, கால்வாய்க்கரைத் தெருக்களில் அவருக்குப் பெயரே 'பதினாலு' என்று ஆகிவிட்டது. அவர் தலை தெருமுனையில் தெரிந்தால், "பதினாலு வர்றாரு, துணியெல்லாம் எடுத்து உள்ள போடு" என்று ஒரு குரல் வரும். அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிதான். அலுவலகத்தில் அவரைக் கண்டு எழுந்து நிற்பவர் யாரும் இல்லை. அவருக்கென்று போட்ட நாற்காலிக்கு மூன்று கால்தான் சரியாக இருந்தது. வீட்டிலோ, மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அவர் மனைவி, சேற்றுக் காலோடு வாசற்படி தாண்ட விடமாட்டாள். "நூறு வீட்டுக்குள்ள போய்ட்டு வந்த காலு. குழாயடிக்குப் போங்க முதல்ல" என்பாள். ஆக, உலகத்தில் அவர் தடையில்லாமல் நுழையக்கூடிய இடம் அடுத்தவர் வீட்டுக் கொல்லைதான்.

முந்தைய வருஷ மழையில் ஊருக்குள் வெள்ளம் வந்து போயிருந்தது. மேலிடத்திலிருந்து உத்தரவு பறந்தது: அடுத்த மழைக்குள் கால்வாயைப் பதினைந்தடி அகலமாக்கியே தீர வேண்டும். கரையோரம் நாற்பது வீடுகள். நாற்பது கொல்லைகள். ஓவர்சியர் ஒரு மாதமாகப் புது மாப்பிள்ளை விருந்துக்குப் போவதுபோல வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். முப்பத்தொன்பது வீட்டில் காரியம் சுமுகமாக முடிந்தது. அதாவது, அவருக்குச் சுமுகமாக முடிந்தது.

நாற்பதாவது வீடு ஒற்றம்மாவுடையது.

அந்த அம்மாள் ஒரு அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக வாழ்ந்தார். வேலையை விட்டார், வழக்கத்தை விடவில்லை. தெருவில் எந்தக் கடைப் பலகையில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தாலும், கடைக்காரரைக் கூப்பிட்டு, "இந்த இடத்துல ஒரு 'க்' போடுங்க, நல்லா இருப்பீங்க" என்பார். அதனால் வந்த பெயர் அது. மருந்துக்கடைக்காரர் அவருக்குப் பயந்து பலகையையே ஆங்கிலத்தில் மாற்றிவிட்டார்.

ஓவர்சியர் பின்கதவைத் திறந்து உள்ளே போனபோது ஒற்றம்மா மாதுளை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் சிவப்புப் பேனாவோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. ஓவர்சியர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலேயே, "வெள்ளத் தடுப்புச் சட்டம், பிரிவு பதினாலு..." என்று தொடங்கினார்.

"காகிதத்தக் குடுங்க" என்று கை நீட்டினார் ஒற்றம்மா.

அதுவரை யாரும் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் படித்ததில்லை. ஓவர்சியர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அம்மாள் முதல் வரியிலேயே நின்றார்.

"வெள்ளத்தைத் தொடுக்கும் பணிகளுக்காகன்னு போட்டிருக்கு. தடுக்கும்னு வரணும். தொடுக்கும்னா வெள்ளத்த நீங்களே அனுப்பி வைக்கறதா அர்த்தம்."

ஓவர்சியர் எட்டிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. முப்பத்தொன்பது வீட்டுக்கும் அப்படித்தான் போயிருக்கிறது.

"டைப்பிஸ்ட் தப்பும்மா. உத்தரவு உத்தரவுதான்."

"அறிவிப்பு குடுத்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் நுழையணும்னு நாலாவது வரியில இருக்கு. கீழ இன்னைக்குத் தேதி. நீங்க நிக்கறதும் இன்னைக்குத்தான்."

"எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா..."

"எல்லா வீட்லயும் தப்பா செஞ்சுட்டு வந்தேன்னு என்கிட்ட ஏன் தம்பி சொல்றீங்க? இந்தச் சட்டத்த அச்சடிச்சது எங்க பிரஸ்ல. மூணு புரூஃப் பார்த்தவ நான். போய்ட்டு, சரியா அடிச்சு, தேதி போட்டுக் கொண்டாங்க. நாளன்னைக்குக் காலைல கதவத் திறந்து வைக்கறேன்."

காகிதம் திரும்பி வந்தபோது அதில் ஏழு இடத்தில் சிவப்பு மை. பின்னால் நின்ற ஆட்களில் ஒருவன் இருமினான். அது இருமல் இல்லை என்பது ஓவர்சியருக்குத் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக, வேலையைத் தொடங்காமலே, நுழைந்த வழியே திரும்பினார். பின்கதவைச் சாத்திவிட்டுப் போகும்படி உள்ளேயிருந்து குரல் வந்தது. சாத்தினார்.

அன்று மாலையே புது அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போனபோது கதவு நிஜமாகவே திறந்துகிடந்தது. பொக்லைன் இயந்திரம் இருபதடி நீளச் சுற்றுச்சுவரை ஒரு தட்டில் சாய்த்தது. மாதுளை மரம் வேரோடு வந்தது. காய்களைப் பறித்துக்கொள்ளட்டும் என்று இயந்திரத்தை நிறுத்தி வைத்தார் ஓட்டுநர். வாயில் எப்போதும் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கும், பேச்சைவிட இயந்திரக் கையால் சைகை காட்டுவதில் கெட்டிக்காரரான மனிதர் அவர். ஒற்றம்மா பதினொரு காய்களைப் பறித்தார். நாலை ஆட்களிடம் கொடுத்தார். ஓவர்சியருக்கும் ஒன்று நீட்டினார். அவருக்கு அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் அளவு நாடாப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் பள்ளம் தோண்டிக்கொண்டே போன இயந்திரம் நின்றது.

"சார், அடுத்து எங்க?" என்று மேலிருந்து கேட்டார் ஓட்டுநர்.

ஒற்றம்மா வீட்டை அடுத்து ஒரு காம்பவுண்டுச் சுவர். சுவரின் அடியில் இரும்புக் கம்பி வலை. கால்வாய் அந்த வலைக்குள் புகுந்து, இரண்டடிக் குழாய் ஒன்றுக்குள் ஒடுங்கி, ஒரு கொட்டகைக்கு அடியில் மறைந்து, அந்தப் பக்கம் ஐம்பதடி தள்ளி மறுபடி வெளியே வந்து ஆற்றை நோக்கிப் போனது. கொட்டகையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கொட்டகைக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம். கட்டடத்தின் நெற்றியில் பெரிய எழுத்தில் 'வெள்ளத் தடுப்புக் கோட்ட அலுவலகம்' என்று இருந்தது.

ஓவர்சியருக்கு அந்த இடம் புதிதல்ல. தினமும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் தன் முக்கால் நாற்காலிக்குப் போய் உட்காருகிறார். ஆனால் கால்வாயின் பக்கம் நின்று அலுவலகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இந்தப் பக்கமிருந்து பார்த்தால், அது ஒரு பாட்டிலின் வாயில் அடித்த தக்கைபோல இருந்தது.

நிர்வாகப் பொறியாளரின் அறைக்குப் போனார். அலுவலகத்தில் அவரைப் 'பெரியவர்' என்பார்கள். அறையில் சுவர் முழுக்க ஒரு வரைபடம். நீலக் கோடாக ஓடி வரும் கால்வாய் அலுவலகத்தருகே வந்ததும் காணாமல் போய், அந்தப் பக்கம் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கிளம்பியது.

"சார், நம்ம காம்பவுண்டு வரைக்கும் வந்துட்டோம். உள்ள எப்ப ஆரம்பிக்கலாம்?"

பெரியவர் கோப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "அங்கயே நிறுத்து."

"குழாய் ரெண்டடிதான் சார் இருக்கு. பதினஞ்சடியில வர்ற தண்ணி..."

"பிரிவு பதினாலு என்ன சொல்லுது? தனியார் நிலம்னு சொல்லுது. இது அரசு நிலம். நிலம் வருவாய்த் துறையோடது, கட்டடம் கட்டடத் துறையோடது. நாம நினைச்ச மாதிரி நுழைய முடியுமா? அனுமதி கேட்டு எழுதியிருக்கோம். ஆறு வருஷமா எழுதிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"கொட்டகை யாரோடது சார்?"

பெரியவர் இப்போது தலை தூக்கினார். "கொட்டகைல நிக்கற கார் என்னோடது."

அதற்கு மேல் அந்த அறையில் சட்ட விளக்கம் தேவைப்படவில்லை. 'பணி முழுமையாக முடிந்தது' என்று தட்டச்சு செய்த காகிதத்தை மேசைமேல் தள்ளினார். ஓவர்சியர் கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா மை வரவில்லை. உதறிவிட்டுப் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லையே" என்றாள். அவரும் இல்லை என்றார்.

பத்து நாள் கழித்து இன்னொரு காகிதம் அவர் கைக்கு வந்தது. கால்வாய்க்கரையில் மண்ணைக் குவித்து நீரோட்டத்துக்குத் தடை ஏற்படுத்தியிருப்பதாகவும், ஏழு நாளில் அகற்றாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஒற்றம்மாவுக்கு அறிவிப்பு. குவித்தது யார்? இதே அலுவலகம். அந்த அம்மாளின் கொல்லையில் தோண்டிய மண்ணை அங்கேயே கொட்டிவிட்டு, அள்ள லாரி வரும் என்று சொல்லிவிட்டு வந்தவர் யார்? இதே ஓவர்சியர்.

கொண்டுபோய்க் கொடுத்தார். இந்த முறை முன்வாசல் வழியாகப் போய் மணியை அழுத்தினார். ஒற்றம்மா இரண்டு முறை படித்தார்.

"இந்தத் தடவ ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல" என்றார். "ஒரு வரி உண்மையும் இல்ல."

"எனக்கே கஷ்டமாத்தாம்மா இருக்கு."

"வாங்க, ஒரு எட்டு நடந்துட்டு வரலாம்."

செருப்பைப் போட்டுக்கொண்டு அவரைக் கால்வாய்க்கரையோடு கம்பி வலைவரை கூட்டிப்போனார். காய்ந்த கால்வாய் அகலமாக, அழகாக, கோடு கிழித்ததுபோல வந்து வலையில் முட்டியது. வலையில் காகித டீக் கோப்பைகள் அப்பியிருந்தன.

"உங்களுக்குத் தெரியும்ல?" என்றார் ஒற்றம்மா.

"எனக்கு மேல இருக்கறவங்க முடிவு பண்றதும்மா."

"மழையும் மேல இருந்துதான் வருது தம்பி."

ஓவர்சியர் அலுவலகப் பிரதியை நீட்டினார். 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் அம்மாளின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். நேர்த்தியான கையெழுத்து, புள்ளியெல்லாம் அதனதன் இடத்தில்.

மண்ணை அள்ள லாரி வரவில்லை. மழை வந்தது.

முதல் நாள் சாதாரணமாகப் பெய்தது. இரண்டாம் நாள் விடியற்காலையிலிருந்து, ஏதோ பழைய பாக்கியைத் தீர்ப்பதுபோலக் கொட்டியது. எட்டு மணிக்கு ஓவர்சியருக்குப் போன் வந்தது. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கால்வாய்க்கரைக்கு ஓடினார். அகலமாக்கிய கால்வாய் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் ஊரின் நாலு மூலையிலும் தேங்கி நின்ற தண்ணீர் முழுவதையும், ஒரு சொட்டு விடாமல், ஒரே வேகத்தில் கொண்டுவந்து கம்பி வலைமுன் நிறுத்தியிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பிப் பார்த்தது. இருபதடிச் சுவர் இடிந்து கிடந்த ஒற்றம்மா வீட்டுக் கொல்லை வா வா என்று கூப்பிட்டது.

அவர் போனபோது சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். ஒற்றம்மா ஸ்டூல்மேல் நின்று அகராதிகளைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் மெல்ல மிதந்து வந்து ஓவர்சியரின் தொடையில் இடித்தது. பக்கத்து வீடுகளில் கூச்சல். படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி மாடிப்படி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ, "பதினாலு வந்துட்டாருய்யா, கேளுங்கய்யா அவரை!" என்று கத்தினார்கள். இம்முறை அந்தப் பெயர் அவருக்குக் குளிர்ச்சியாக இல்லை.

பொக்லைன், அலுவலகம் அள்ளாமல் விட்ட அந்த மண்மேட்டின் உச்சியில் நின்றது. ஓட்டுநர் முந்தைய நாளே அதை அங்கே ஏற்றி வைத்திருந்தார். இறங்கிக் கொல்லைக் கதவருகே வந்து, வாய்க்குச்சியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், பத்து நிமிஷ வேலை. அந்தக் கொட்டகைத் தரையப் பேத்து விட்டா தண்ணி சலசலன்னு போயிரும். சொல்லுங்க."

ஓவர்சியர் பெரியவருக்குப் போன் போட்டார். உதவியாளர் எடுத்தார். "சார் மீட்டிங்ல இருக்காரு."

"என்ன மீட்டிங்?"

"வெள்ளத் தடுப்பு ஆய்வுக் கூட்டம்."

"தண்ணி இங்க வீட்டுக்குள்ள..."

"அதப் பத்தித்தான் மேல பேசிட்டிருக்காங்க. டீ போயிருக்கு. முடிஞ்சதும் சொல்றேன்."

கூட்டம் நடந்த ஜன்னல் அங்கிருந்தே தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றார் ஓவர்சியர். குரல் அவருக்கே அழுகைபோலக் கேட்டது. "பதினாலு தனியார் நிலத்துக்கு மட்டுந்தான்."

"பதினேழப் படிச்சிருக்கீங்களா?" என்றார் ஒற்றம்மா ஸ்டூல்மேலிருந்து.

படித்ததில்லை. பதினாலுக்கு அப்புறம் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. பதினாலே போதுமானதாக இருந்தது.

"வெள்ள அபாயம் நேரும் காலத்தில், அவ்விடத்தில் உள்ள அலுவலர் எவ்விடத்திலும் முன்னறிவிப்பின்றி நுழைந்து, நீரோட்டத்துக்குத் தடையான எதையும் அகற்றலாம்." அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "எவ்விடத்திலும். 'தனியார்'ங்கற சொல் அங்க கிடையாது. விட்டுப்போச்சோன்னு எனக்கே சந்தேகம். ஓரத்துல கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். 'வேண்டுமென்றே விடப்பட்டது'ன்னு எழுதித் திருப்பி அனுப்பினாங்க."

"அவ்விடத்தில் உள்ள அலுவலர்னா?"

ஒற்றம்மாவும் ஓட்டுநரும் அவரைப் பார்த்தார்கள். ஓவர்சியர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். சிலிண்டர்தான் இருந்தது.

காகிதம் இல்லாமல் ஓரிடத்தில் நுழைய அவருக்குத் தெரியாது. "முன்னறிவிப்பு வேண்டாம்னுதான் இருக்கே தம்பி" என்று ஒற்றம்மா சொல்லியும், "ஒரு வரியாவது எழுதிக் குடுங்கம்மா" என்று கெஞ்சினார். அம்மாள் மண்ணை அகற்றச் சொல்லி வந்த அறிவிப்பின் முதுகில் சிவப்புப் பேனாவால் நாலு வரி எழுதினார். ஓவர்சியர் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை பேனா மக்கர் பண்ணவில்லை.

அலுவலக வாசலில் காவலாளி குடையோடு ஓடி வந்தார். ஓவர்சியருக்குப் பின்னால் பொக்லைன் உறுமிக்கொண்டு நின்றது.

"சார், என்ன சார் இது?"

"வெள்ளத் தடுப்புச் சட்டம், பிரிவு பதினேழு" என்று தொடங்கினார் ஓவர்சியர்.

"சார், நீங்க இங்கதான சார் வேலை பாக்கறீங்க? உள்ள போங்களேன்."

"நான் ஆபீஸுக்கு வரல. நுழைய வந்திருக்கேன்."

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அத்தனை பெரிய இயந்திரத்தின் முன்னால் புரிந்துகொள்ளவேண்டிய அவசியமும் அவருக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார்.

சத்தம் கேட்டு மூன்று மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. பெரியவர் பாதிப் பிஸ்கட்டோடு இறங்கி வந்தார். மழைக்குள் வராமல் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார்.

"யாரைக் கேட்டுய்யா உள்ள வந்த?"

ஓவர்சியர் பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக்கேட்டுப் பழகிய கேள்வி. காகிதத்தை எடுத்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. மனப்பாடமாகச் சொன்னார். 'எதையும் அகற்றலாம்' என்ற இடத்தில், வழக்கப்படி, எதிரில் நின்றவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார். பிறகு தானே பயந்துபோய், "கார் சாவியக் குடுத்தீங்கன்னா ஒதுக்கி விட்டுடலாம் சார்" என்றார்.

"சாவி குடுத்தா நான் சம்மதிச்சதா ஆயிடும். குடுக்க மாட்டேன்."

"சரி சார்."

ஓட்டுநர் அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளவில்லை. இயந்திரக் கையைத் தாழ்த்தி, தூங்குகிற குழந்தையை நகர்த்துவதுபோலக் காரைப் பின்பக்கம் தொட்டுத் தள்ளி, கொட்டகையிலிருந்து வெளியே புல்தரைக்குக் கொண்டுவந்தார். டிக்கி மட்டும் கொஞ்சம் உள்ளே போயிற்று. அடுத்து கொட்டகைத் தகரம். அதற்கடுத்து சிமென்ட் தரை. குழாய் உடைந்தபோது முதலில் வந்தது தண்ணீர் இல்லை. காகிதக் கோப்பைகள், பிளாஸ்டிக் கரண்டிகள், கிழிந்த கோப்பு அட்டைகள், 'கால்வாயில் குப்பை கொட்டாதீர்' என்று எழுதிய தகரப் பலகை ஒன்று. அதன் பின்னால் தண்ணீர் வந்தது. எல்லோரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். கம்பி வலையையும் காம்பவுண்டுச் சுவரில் ஒரு பாதியையும் சுருட்டிக்கொண்டு, ஊர்த் தண்ணீர் முழுக்க அலுவலக வளாகத்தைக் குறுக்கே கடந்து ஆற்றுக்கு ஓடியது.

ஓவர்சியர் மழையில் நின்று பார்த்தார். மதியத்துக்குள் நாற்பது வீட்டுச் சமையலறைகளிலும் தரை தெரிந்தது.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மனைவி துவாலையை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

"வேலை போயிடுமா?"

"போகாது. மாத்துவாங்க."

"அப்பச் சரி. சாப்பிடுங்க."

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. பெரியவர் புத்தம்புது ரப்பர் காலணிகளோடு, திறந்துவிட்ட கால்வாயின் ஓரம் நின்று கை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். 'சொந்த அலுவலகத்தையே உடைத்து ஊரைக் காத்த பொறியாளர்' என்று தலைப்பு. அதே நாள் மதியம் ஓவர்சியருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது: அரசு வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தது, அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது, மேலதிகாரியை மேலும் கீழும் பார்த்தது.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சாட்சியாக ஒற்றம்மா போனார். பதினேழாம் பிரிவை வாசித்துக் காட்டினார். பெரியவர், "எவ்விடத்திலும் என்பதை எந்தத் தனியார் இடத்திலும் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். சட்டம் இயற்றியவர்கள் தங்கள் வீட்டையே இடிக்கச் சொல்லியிருப்பார்களா?" என்றார்.

"ஏன் சார், எங்க வீட்ட இடிக்கலாம்னு மட்டும் சொல்லியிருக்காங்கள்ல?" என்றார் ஒற்றம்மா.

விசாரணை அதிகாரி சிரிப்பை மூக்கைத் துடைப்பதுபோல மறைத்தார். 'எவ்விடத்திலும்' என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டுச் சட்டத் துறைக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எழுதினார். விளக்கம் இன்னும் வரவில்லை. வரும்வரை ஓவர்சியரை எங்காவது வைக்கவேண்டுமே என்று வறட்சி நிவாரணப் பிரிவுக்கு மாற்றினார்கள். பொக்லைன் ஓட்டுநரை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். ஒப்பந்தக்காரருக்கோ பாராட்டுச் சான்றிதழ் வந்தது.

வறட்சிப் பிரிவில் ஓவர்சியருக்கு வற்றிய கிணறுகளைக் கணக்கெடுக்கும் வேலை. கிணற்றுக்காரர்கள் அவரைப் பார்த்ததும் ஓடி வந்து, "வாங்க, வந்து எட்டிப் பாருங்க, எழுதிக்குங்க" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். பிறர் அழைத்து உள்ளே போவது அவருக்குப் பழக்கமில்லை. முதல் ஒரு மாதம் கூச்சமாக இருந்தது. நாற்காலிக்கு நாலு காலும் இருந்தது.

ஆறு மாதம் போயிருக்கும். ஒருநாள் பஸ்ஸில் பழைய அலுவலகத்தைத் தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தார். கால்வாய்க்குக் குறுக்கே மறுபடி தளம் போடக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் பதவி உயர்வு பெற்றுத் தலைநகரத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் இரண்டு கார். பக்கத்தில் நட்ட புதுப் பலகையில் 'வெள்ளத் தடுப்பு அவசர வாகன நிறுத்துமிடம்' என்று எழுதியிருந்தது. அடியில், மூன்றடிக் குழாய் ஒன்று படுத்திருந்தது. ஒரு அடி முன்னேற்றம்.

ஓவர்சியர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தார். ஒற்றம்மா வீட்டுக் கொல்லையில் சுவர் இன்னும் கட்டப்படவில்லை. மண்மேட்டின்மேல் புல் முளைத்து, அதில் யாருடைய ஆடோ மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிப்போய் முன்வாசல் மணியை அழுத்தினார்.

"பார்த்தீங்களா?" என்றார் உள்ளே நுழைந்ததும்.

"கம்பி இறங்கின அன்னைக்கே பார்த்தேன். மனு எழுதணும்னு இருக்கேன். ஆனா என் பேரப் பார்த்தாலே அங்க இப்பப் படிக்காம ஓரமா வைக்கறாங்க."

"என் பேர்ல எழுதலாம்."

"நீங்க அரசு ஊழியர் தம்பி. மறுபடியும் மாத்துவாங்க."

"வறட்சிலேருந்து எங்கம்மா மாத்துவாங்க?"

ஒற்றம்மா மேசையைத் துடைத்து, வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வைத்தார். ஓவர்சியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எழுத எழுத, தோளுக்குமேல் எட்டிப் பார்த்து அம்மாள் திருத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது வரியில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று அவர் எழுதியிருந்தார். 'பணிவுடன்' எதற்கு என்றார் ஒற்றம்மா. வழக்கம் என்றார் அவர். அடிங்க என்றார் அம்மாள். அவர் கொஞ்சம் யோசித்தார். அடித்தார்.